ஒத்துப்பார்க்க ஒருத்தி

...அசையாதீர்கள் என்று சொன்ன நொடியிலிருந்துதான் மூக்கின் இடது ஓரம் அரிக்கிறது, அதற்கு முன் முப்பத்து நான்கு வருடமாக அப்படியொரு இடம் என் முகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது, இப்போது உலகமே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது, கையைத் தூக்கக் கூடாது, தூக்கினாலும் எட்டாது, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள், காதுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, வலது கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, முடியவில்லை என்றால் அழுத்துங்கள் என்றார் அந்த மீசைக்கார ஆள், என்ன முடியவில்லை என்றால்? எதெல்லாம் முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாது... டக் டக் டக் டக், பிறகு சாலை போடுகிறவர்கள் கல் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு மௌனம், மௌனம்தான் மோசம், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கிறது. நாற்பது நிமிடம் என்றார்கள். யாவோர் எனக்கு முன்னால் இந்த ஸ்கேன் குழாய்க்குள் போனான், வெளியே வந்தபோது கன்னத்தில் பஞ்சின் தடம், கண் சிவந்து, நான் பயந்துபோய் என்னடா ஆச்சு என்று ஓடினால் மீசைக்காரர் சிரிக்கிறார், "உங்க அண்ணன் நல்லாத் தூங்கிட்டாரு, விட்ட குறட்டையில ஒரு படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு." அண்ணன் இல்லை, என்னைவிடப் பதினோரு நிமிடம் இளையவன், தம்பி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன், யாவோருக்கு முகமெல்லாம் சந்தோஷம், தாடி வந்ததிலிருந்து எல்லோரும் அவனைத்தான் மூத்தவன் என்கிறார்கள். அவனால் தூங்க முடிகிறது. அவன் மூளையைப் பார்க்கத்தான் ப்ளோவ்திவிலிருந்து தலைநகர் சோஃபியா வரை வந்தது, அவன் ஆனந்தமாகத் தூங்கி எழுந்து போகிறான், நான் இங்கே மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

படிவத்தில் அவன் பெயருக்கு நேரே 'ஆய்வுக்குரியவர்' என்று இருந்தது, என் பெயருக்கு நேரே 'ஒத்துப்பார்க்க'. நெவேனா ஸ்தோயிலோவா, ஒத்துப்பார்க்க. ஒரே கருவிலிருந்து இரண்டாகப் பிரிந்த இரட்டையர், ஒருவர் தன்னைப் பிறந்தபோது எழுதிய பாலினமாகவே உணர்கிறார், மற்றவர் உணரவில்லை, இப்படிப்பட்ட ஜோடிகள் எங்களுக்குத் தங்கம் மாதிரி என்றார் டாக்டர் வெலீகோவா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உண்மையான ஆசையோடு, நாங்கள் ஏதோ மண்ணைத் தோண்டியதில் கிடைத்த ஜாடி மாதிரி. தங்கம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒத்துப்பார்ப்பதற்கு நான் ஒன்றும் புதியவள் இல்லையே, மூன்று வருடமாக எங்கள் வீட்டில் எனக்கு அதுதானே வேலை. யாவோரா என்ற பெண் பெயரின் கடைசி 'ஆ'வை உதிர்த்துவிட்டு யாவோர் என்று அவன் வந்து நின்ற நாளிலிருந்து அப்பாவின் விரல் என்னை நோக்கித்தான் நீள்கிறது, அவனைப் பார்க்கவே மாட்டார், என்னைக் காட்டிக்காட்டிப் பேசுவார், "இவளைப் பாரு, அதே ரத்தம், அதே வயிறு, அதே பால், ஒரே தொட்டில்ல கெடந்ததுங்க, இவளுக்கு ஒண்ணும் வரலையே, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது?" நான் அப்போது கையில் தட்டோடு நின்றிருப்பேன், அல்லது காபிக் கோப்பையோடு, ஒரு வழக்கில் கொண்டுவந்து மேசைமேல் வைத்த கத்தி மாதிரி. என்னைக் காட்டாதீங்க அப்பா என்று ஒருநாளாவது சொன்னேனா? இல்லை. தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டேன், சத்தம் வருகிற மாதிரி போட்டேன், அவ்வளவுதான் என் வீரம்.

"நெவேனா, சௌகரியமா இருக்கீங்களா? அடுத்தது ஆறு நிமிஷம்," என்று காதுக்குள் மீசைக்காரர். சௌகரியம். சரி என்று தலையாட்டக்கூட முடியாது, உம் என்றேன். இந்தத் தடவை சத்தம் வேறு, தேனீக்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி... அப்பா இதைப் பார்த்தால் இயந்திரத்தின் பின்னால் போய் எட்டிப் பார்ப்பார், எத்தனை வோல்ட், யார் செய்தது என்று கேட்பார். நாற்பது வருடம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் கால்நடை வைத்தியர், ஆயிரம் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டவன் நான் என்பார், எனக்கு ஆண் எது பெண் எது என்று பாடம் எடுக்காதே என்பார். போன ஈஸ்டருக்கு ஆட்டுக்கறியும் சிவப்பு முட்டையும் மேசைமேல், யாவோர் வெளியே வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் காருக்குள், உள்ளே வரவில்லை, அதற்குள் அப்பா வரக் கூடாது என்று சொல்லியிருந்தார், அம்மா ஈஸ்டர் ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காருக்கும் வீட்டுக்கும் நடக்கிறாள், தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் குப்பைக் கூடையையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், குப்பை கொட்டப் போகிறாளாம். நான்தான் பொறுக்காமல் கேட்டேன், என்னதான் வேணும் உங்களுக்கு, என்ன செஞ்சா அவன் உள்ள வரலாம்? அப்பா முட்டையை நெற்றியில் தட்டி உடைத்தார், உரித்தார், உப்பு தொட்டார், எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "நான் கண்ணால பார்க்காததை நம்புற ஆள் இல்ல. மூளையிலயோ ரத்தத்துலயோ எங்கயோ ஒரு அடையாளம் இருக்கு, பொறக்கும்போதே இருந்துதுன்னு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காகிதம் குடுக்கட்டும். அன்னைக்கு வந்து இந்த நாற்காலியில உக்காரட்டும். நானே கறி எடுத்து வைக்கிறேன்."

காகிதம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தவள் நான், யாவோர் இல்லை, அவன் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, அவன் மரம் அறுக்கும் பட்டறைக்குப் போகிறான், வருகிறான், பன்றிக்கறி பொரித்துத் தின்கிறான், அவன் பாட்டுக்கு இருக்கிறான். பல் கட்டும் கூடத்தில் நாள் முழுக்க யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லை மெழுகில் செதுக்கிவிட்டு வந்து, மாலையில் உட்கார்ந்து நான் தேடினேன், கருவில் சுரக்கும் ஹார்மோன்கள், மூளைக்குள் அரிசிமணி அளவு கூட இல்லாத ஏதோ ஒரு முடிச்சு, இரட்டையர் கணக்கெடுப்பு, பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, புரிந்த பாதியை அடுத்த கட்டுரை மறுத்தது. அப்பாவும் அங்கே சும்மா இல்லை போலிருக்கிறது, ஒருநாள் அவரே போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, காளைக்கன்னோட ரெட்டையாப் பொறக்கற கிடாரியைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்கேனா? பார்க்க அசல் கிடாரிதான். ஆனா வளர வளரக் கழுத்து தடிக்கும், பசு மேல ஏறப் பார்க்கும், சினையே புடிக்காது. வயித்துக்குள்ளயே கூடப் பொறந்தவன் ரத்தம் இதுக்குள்ள ஏறிடுது" என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "உங்க அம்மா வயித்துல மூணாவதா ஒண்ணு இருந்து கரைஞ்சிருக்குமோ?" பின்னாலிருந்து அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது எனக்கே நன்றாகக் கேட்டது, "நான் பசு இல்ல, ஸ்தோயில்!" ஏதோ ஒரு மூடி தரையில் விழுந்தது. நான் சிரித்தேன், ஆனால் சிரித்து முடித்தபிறகு தோன்றியது, அவர் கதவைக் கொஞ்சமாகத் திறக்கப் பார்க்கிறார், தனக்குத் தெரிந்த ஒரே கதவை, தொழுவத்தின் கதவை. மறுநாளே டாக்டர் வெலீகோவாவுக்கு எழுதினேன்.

அவளிடம் அதையும் கேட்டேன், கிடாரிக் கதையை, கூச்சத்தோடு, எங்க அப்பா கேக்கச் சொன்னாரு என்று. சிரிக்காமல் பதில் சொன்னாள், அதற்காக அவளைப் பிடித்துப்போயிற்று, மாடுகளில் அது உண்மைதான், மனிதர்களில் அப்படி நடப்பதில்லை என்றாள். பிறகு கையால் காற்றில் வரைந்து காட்டினாள், கருவில் முதல் சில மாதங்களில் உடம்பின் உறுப்புகள் ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகின்றன, மூளை பெரும்பாலும் அதற்கப்புறம், இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை, ஆகவே இரண்டும் ஒரே திசையில் போகாமல் இருக்கவும் கூடும் என்பது ஓர் ஊகம், ஊகம்தான், ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்குக்கூட வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றுபோல் கிடைப்பதில்லை, தொப்புள்கொடி ஒட்டிய இடம் வேறு, ரத்தம் வந்த அளவு வேறு, ஒரே மரபணுவில் எந்தப் பக்கம் விழித்திருக்கிறது, எந்தப் பக்கம் தூங்குகிறது என்பதும் வேறு. நான் வேகவேகமாகத் தலையாட்டினேன், எடை எடை என்றேன், நான் ரெண்டு கிலோ அறுநூறு, அவன் ரெண்டு கிலோகூட இல்ல, பிறந்ததும் அவனைத்தான் கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க, இதுல ஏதாவது? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மா கோட்டுப் பையில் வைத்து அனுப்பிய சீட்டை எடுத்து நீட்டினேன், அம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு மாத்திரையின் பெயர், ரத்தப்போக்கு நிற்க மூன்றாம் மாதத்திலிருந்து தின்றது, 'கேள், மறக்காதே' என்று அடிக்கோடு வேறு. டாக்டர் அதைப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஒரே ஒரு தாயை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாள். அப்படியானால் எங்க படத்தை வெச்சு என்னதான் சொல்லுவீங்க? "உங்க ரெண்டு பேரை வெச்சா? ஒண்ணும் சொல்ல மாட்டோம். நூத்துக்கணக்கான பேரோட சேர்த்துச் சராசரி பார்ப்போம். தனிப்பட்ட ஆளோட மூளையைப் பார்த்து இது ஆண், இது பெண்ணுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. தனித்தனியா முடிவு தர மாட்டோம்னு படிவத்துல மூணாவது பக்கம் போட்டிருக்கோமே." மூன்றாவது பக்கம். நான் மூன்றாவது பக்கத்தைப் படிக்கவில்லை. யாவோர் படித்திருந்தான், காலையில் ரயிலிலேயே படித்திருந்தான், உனக்குத் தெரியும்னு நெனச்சேன் நெவ்கா என்றான், அப்புறம் ஏன்டா வந்தே? நீ கூப்பிட்டே, வந்தேன். அவ்வளவுதான். நீ கூப்பிட்டே, வந்தேன்... எனக்கு அங்கேயே அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வந்தாயிற்று, இந்த இருமல் மருந்து மாதிரி நிறமுள்ள அங்கியையும் மாட்டியாயிற்று. காகிதம் இல்லை, எட்டு மாதம் போயிற்று, அப்பாவுக்கு என்ன சொல்வது, சராசரி என்றா சொல்வது? பசுவுக்குள் கையை விட்ட மனிதரிடம் சராசரி என்று சொன்னால்... மூக்கு இப்போது அரிக்கவில்லை, குதிகால் அரிக்கிறது. அந்தக் கேள்வித்தாள் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள், தனித்தனி அறையில். எழுபது கேள்வி, எந்தக் கையால் எழுதுவீர்கள், தலைவலி வருமா, எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், நாற்பத்தொன்றாவது கேள்வியில் நின்றுவிட்டேன், 'நீங்கள் பெண் என்றோ ஆண் என்றோ முதன்முதலில் அறிந்த தருணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? விவரிக்கவும்.' ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். யாவோருக்கு அந்த ஐந்து வரி போதாது, பின்பக்கமெல்லாம் எழுதியிருப்பான், நான்கு வயதில் ஆற்றில் குளித்தது, பள்ளியில் வரிசையில் நிற்க வைத்தது, அவனுக்கு ஒவ்வொன்றும் தேதியோடு தெரியும். எனக்கு? நான் பெண் என்று எப்போது அறிந்தேன்? நெவேனா என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன். பாவாடை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன், பிடித்தது, பிடிக்காமலும் இருந்தது, யார் யோசித்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வியர்த்துவிட்டது, முப்பத்து நான்கு வயதில் பரீட்சையில் காப்பியடிக்கப் பக்கத்து மேசையைத் தேடுகிறேன். கடைசியில் 'நினைவில்லை' என்று எழுதினேன். அதை எழுதியதும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அறிந்தவனைச் சந்தேகப்பட்டு உலகமே விளக்குப் போட்டுத் தேடுகிறது, ஒன்றும் அறியாத என்னைச் சரியானவள் என்று முத்திரை குத்தி ஒத்துப்பார்க்க வைத்திருக்கிறது.

"இன்னும் ரெண்டு படம்தான்." டக். டக். டக். கண்ணை மூடினால் அக்ரூட் மரம். இது வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் மூக்கையும் குதிகாலையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேனோ... ஆறு வயது இருக்கும், செப்டம்பர், பள்ளி திறக்க இன்னும் சில நாள், புகையிலை காயப்போடும் சட்டங்களுக்குப் பின்னால் கல்யாண விளையாட்டு. சமையலறை ஜன்னல் திரை எனக்கு முக்காடு. நான்தான் மணப்பெண், எப்போதும் நான்தான் மணப்பெண், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், அழுது ஊரைக் கூட்டுவேன். நீ மாப்பிள்ளை என்று யாவோராவின் தலையில் அப்பாவின் தொப்பியை வைத்தவள் நான், அது போதாதென்று அக்ரூட் காயின் பச்சைத்தோலை உரித்து அதன் சாற்றால் உதட்டுக்கு மேல் மீசை வரைந்தவள் நான், முறுக்கு மீசை, நாக்கைத் துருத்திக்கொண்டு கவனமாக வரைந்தேன். அக்ரூட் கறை போகாது என்று தெரியாது. அம்மா எலுமிச்சையைத் தேய்த்தாள், சோப்பு, சாம்பல், உதடு வீங்கிப்போயிற்று, பள்ளியின் முதல் நாள் படத்தில்கூட அந்த மீசை இருக்கிறது, மங்கலாக. தேய்க்கும்போதெல்லாம் அழாத யாவோரா, இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதாள், ஏன் அழறே, போயிடுச்சே, நல்லதுதானே என்று கேட்டேன், இன்னும் சத்தமாக அழுதாள். அழுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் இரண்டு கிலோ அறுநூறு என்று சொன்னேன், கிடாரியைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், அக்ரூட்டைச் சொல்லவில்லை. ஒருவேளை நான் அன்று மாப்பிள்ளையாக இருந்திருந்தால்... ஒரு நாளாவது, முறை மாற்றி... ஆறு வயதுக் குழந்தை வரைந்த மீசையில் ஒரு மனிதன் மாறிவிடுவானா, பைத்தியமா எனக்கு, அப்படியென்றால் எல்லாக் கிராமத்து நாடகத்திலும்... எங்கிருந்தோ நீர் காதை நோக்கி இறங்குகிறது, பஞ்சு நனைகிறது, மூச்சு குலுங்குகிறது. "நெவேனா, அசையறீங்க," என்று காதுக்குள் குரல், கடுகடுப்பாக, "படம் கலங்குது. முதல்லேர்ந்து எடுக்கணும்." முதலிலிருந்து. எடுங்கள். எது முதல் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வெளியே வந்தபோது யாவோர் நடைபாதையில் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வைத்த பனீட்சாவைத் தின்றுகொண்டிருந்தான், தாடியெல்லாம் பொரிந்த மாவின் துணுக்கு, எனக்கும் ஒன்று காகிதத்தில் மடித்து மடியில் சூடு ஆறாமல் வைத்திருந்தான். என் கண்ணைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவன் கேட்காததே எனக்கு எரிச்சல். உனக்குக் கோவமே வரலையாடா என்று ஆரம்பித்தேன், காகிதம் தர மாட்டாங்களாம், ஒண்ணும் தெரியாதாம், இவ்வளவு பெரிய மிஷினை வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாதாம், உனக்குத் தெரிய வேணாமா ஏன்னு? "ஏன்னு என்ன ஏன்?" என்றான் வாய் நிறைய. ஏன் நீ இப்படி, நான் இப்படி. அவன் மென்று முடித்தான். "மூணு வருஷமா எல்லாரும் என் மூளையைப் பத்தியே கேக்கறீங்க. எனக்கு இடுப்புக்கு மேல முதுகு பொளந்துடற மாதிரி வலிக்குது, ஓக் மரம் தூக்கித் தூக்கி. அதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னீங்களா?" வேடிக்கையாகத்தான் சொன்னான், ஆனால் முடிக்கும்போது குரல் வேடிக்கையாக இல்லை. எனக்கு அவன் முதுகு வலிப்பது தெரியாது. எத்தனை நாளா என்றேன். "பிப்ரவரிலேர்ந்து." இது டிசம்பர். நான் பனீட்சாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அக்ரூட்டைப் பற்றிச் சொல்ல வாய் திறந்து, முதுகுக்கு அப்புறம் எப்படி அதைச் சொல்வது என்று மூடிக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம், ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் என்று அவன்தான் பஸ்ஸில் போகலாம் என்றான், உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, நின்றபடி காத்திருக்கலாம் என்று நடைமேடையில் தூணில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். அப்போதுதான் போன். அப்பா. எடுக்காமல் விட்டுவிடலாமா, எடுத்தேன், சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். முடிஞ்சுதா என்றார். முடிஞ்சுதுப்பா. என்ன சொன்னாங்க? சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், காகிதம் கிடையாது, ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம், கிடாரி மாதிரி மனுஷங்களுக்கு இல்லையாம், சொல்லச் சொல்ல அவர் கத்தப் போகிறார் என்று காதைவிட்டுப் போனைத் தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை. அவருடைய நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது, எழுந்து எங்கேயோ போகிறார், கதவு சாத்தும் சத்தம், அம்மாவுக்குக் கேட்காத இடத்துக்கு. "நீ வேற ஒண்ணு கேட்டிருக்கலாம் அவங்ககிட்ட," என்றார். என்ன? "இல்ல... சும்மாதான். ஒரு பொண்ணை, சின்ன வயசுலேர்ந்தே தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போயி... ஈஸ்டருக்கு முந்தின வாரம், லாசர் சனிக்கிழமை அன்னைக்கு எல்லாப் பொண்ணும் பூவெச்சுப் பாடப் போகுதுங்க, இவ மட்டும் மாட்டேன்னு நின்னா, நான்தானே சரி வான்னு கூட்டிட்டுப் போனேன், நம்ம பசு ஷாரா கன்னு போட்டா அன்னைக்கு, இவதான் கயிறு புடிச்சு இழுத்தா, எட்டு வயசுல என்ன பலம்... ஸ்தோயிலுக்குப் பையன் பொறந்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சிரிச்சேன். எல்லாரையும்விட நான்தான் சத்தமா சிரிச்சேன். அதனால ஏதாவது... அப்படி ஆகுமான்னு." நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதோ விளம்பரம் ஒட்டியிருந்தது, பாதி கிழிந்து. அடையாளம் இருக்கு, பொறக்கும்போதே இருந்துதுன்னு காகிதம் வேணும் என்று அவர் கேட்டது எதற்கு என்று எட்டு மாதம் கழித்து இப்போதுதான் புரிகிறது எனக்கு. இல்லப்பா என்றேன். "டாக்டர் சொன்னாங்களா?" டாக்டர்தான் சொன்னாங்க. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை, ஆனால் இன்று முழுவதும் என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக வந்த சொல் அது ஒன்றுதான். அப்பா நீளமாக மூச்சு விட்டார். "அதை மட்டும் எழுதிக் குடுப்பாங்களா?" என்றார், ஒரு கிழவனின் குரலில், எனக்கு அந்தக் குரல் தெரியாது. தர மாட்டாங்கப்பா. "சரி. சரி. வீட்டுக்கு வந்து சேருங்க," என்று வைத்துவிட்டார்.

வந்து சேருங்க என்றாரா, வந்து சேரு என்றாரா? சேருங்க என்றால் இரண்டு பேரும், ஆனால் எந்த வீட்டுக்கு, அவரவர் வீட்டுக்கா, அவர் வீட்டுக்கா, திரும்பக் கூப்பிட்டுக் கேட்க முடியாது, கேட்டால் அதுவும் போய்விடும். யாவோர் அங்கிருந்தே கத்தினான், "என்ன சொல்றாரு கெழவர்? காகிதம் கெடைக்கலன்னு மாட்டுக்கு ஊசி போடற மாதிரி குத்தினாரா?" ஒண்ணும் சொல்லலடா, ஷாரா கன்னு போட்டதைப் பத்திச் சொன்னாரு. அவன் முகம் மலர்ந்துவிட்டது, ஓ அதுவா, என்ன கன்னு அது, ரெண்டு காலும் பின்பக்கமா வந்துது, கை வழுக்கி வழுக்கி, அப்பா என்னையே இழுக்க விட்டாரு தெரியுமா, அவர் விளக்கைப் புடிச்சாரு, நான் இழுத்தேன், என் வாழ்க்கையிலயே அதுதான்... என்று சொல்லிக்கொண்டே போகிறான், விதைத்தோலைத் துப்பிக்கொண்டு, கையால் கயிறு இழுத்துக் காட்டிக்கொண்டு, முதுகு வலி மறந்து. நான் அவனைப் பார்த்தபடி நிற்கிறேன். அப்பா தன் சிரிப்பைச் சொல்கிறார், அம்மா தன் மாத்திரையைச் சீட்டில் எழுதி அடிக்கோடு போடுகிறாள், நான் என் அக்ரூட்டை ஒளித்து வைத்திருக்கிறேன், அந்த வீட்டில் ஒவ்வொருவரும் யார் கைபட்டு இப்படி ஆயிற்று என்று தேடி, தன் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கைபட்டு என்ன ஆயிற்று? என்ன கெட்டுப்போயிற்று? இதோ நிற்கிறான், எட்டு வயதின் கன்றுக்குட்டியை நினைத்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. யாரையும் குற்றம் சொல்லாத மாதிரி ஒரு காகிதம் வேண்டும் என்று அலைந்தேனே, குற்றம் என்று ஒன்று நடந்திருந்தால்தானே அதற்கு... அவனுக்காகத் தட்டைத் தொட்டியில் எறிந்தவள், அவனுக்காக அப்பாவோடு மல்லுக்கு நின்றவள், அவனை அவன் என்று முதலில் கூப்பிட்டவள் நான்தான், நான்தானே... "ஏன் அப்படிப் பார்க்கறே?" என்றான் யாவோர். பஸ் வந்து நின்று கதவு திறந்தது, அவன் என் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகு சுளுக்க முகத்தைச் சுளித்து, முன்னால் ஏறினான். பை கனம், குடு எங்கிட்ட என்று சொல்லக்கூடத் தோன்றாமல் நான் படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறேன், ஓட்டுநர் ஏறப் போறீங்களா இல்லையா என்கிறார், அப்படியானால் இத்தனை நாளும் நானுமா அதை ஒரு குற்றமாகவே பார்த்தேன், நானும் அப்பாவைப் போலவேதானா...